நோட்டரி முத்திரை குத்திய பொய்

பிளஸ் டூ படிக்கிற பிள்ளையை வெளிநாட்டுக் கல்லூரிக்கு அனுப்ப இன்றைக்கு நாலைந்து பொய்யும், வில்லங்கமில்லாத ஒரு மூலப்பத்திரமும் இருந்தால் போதும். மதிப்பெண் எல்லாம் அப்புறம். குறைந்த மதிப்பெண்ணுக்கென்றே ஒரு நாடு, அந்த நாட்டில் ஒரு கல்லூரி, அந்தக் கல்லூரியில் ஒரு 'ஃபவுண்டேஷன் இயர்' தயாராக இருக்கிறது. பிள்ளைக்கு என்ன படிக்க ஆசை என்று யாராவது கேட்பதற்குள் "பட்ஜெட் எவ்வளவு சார்?" என்ற கேள்வி வந்துவிடும். அப்பா தயங்கித் தயங்கி ஒரு தொகை சொல்வார். அந்தத் தொகைக்குள் பிள்ளையின் ஆசை என்னவாக இருக்கலாம் என்று கன்சல்டன்சி மேடம் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டுவார்.

வெளிநாட்டுக்குப் போகாதே என்று நான் சொல்ல வரவில்லை. போகிறவர் போகட்டும். நல்ல ஆய்வகமும் நல்ல ஆசிரியரும் எங்கே இருந்தாலும் தேடிப் போவது பிள்ளையின் உரிமை. என் வயிற்றெரிச்சல் வேறு. பதினேழு வயதுப் பிள்ளையை நடுவில் உட்காரவைத்து, பெற்றவர், பள்ளிக்கூடம், ஏஜென்ட், ஆடிட்டர், நோட்டரி வக்கீல் என்று ஊரே கூடிப் பொய் சொல்லப் பழக்குகிறது. பழக்குவதற்கு 'ப்ராசஸ்' என்று பெயரும் வைத்தாகிவிட்டது. "பையனுக்கு ப்ராசஸ் போயிட்டிருக்கு" என்று கல்யாணப் பந்தியில் பாயசத்துக்கு நடுவே பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள்.

வசதியான வீட்டில் ப்ராசஸ் ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்கிவிடும். அங்கே 'ப்ரொஃபைல் பில்டிங்' என்பார்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் மதிப்பெண்ணை மட்டும் பார்ப்பதில்லை, பிள்ளையின் முழு ஆளுமையையும் பார்க்கின்றன என்று யாரோ சொல்லித் தொலைத்துவிட்டார்கள். நம்மவர்கள் உடனே பிடித்துக்கொண்டார்கள்: அப்படியானால் ஆளுமையும் டியூஷன் வைத்து வாங்குகிற சரக்குதான். அதனால் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கத்துச் சர்வதேசப் பள்ளிகளில் இப்போது மாணவர்களே கிடையாது. அத்தனை பேரும் நிறுவனர்கள். பதினைந்து வயதில் ஓர் அறக்கட்டளை. பதினாறில் ஓர் ஆப். பதினேழில், பணம் கட்டினால் யாரை வேண்டுமானாலும் பதிப்பிக்கிற ஆய்விதழில் புற்றுநோய் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை. மீசை முளைப்பதற்குள் புற்றுநோய்க்கு வழி சொல்லிவிட்டான் பையன். சாப்பிட்ட தட்டை எடுத்து ஸிங்கில் போடத்தான் இன்னும் வழி தெரியவில்லை.

கோவளத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்தில் இந்த அறக்கட்டளைகளில் ஒன்று சேவை செய்ததைக் கண்ணால் பார்த்தேன். எல்லாருக்கும் ஒரே மாதிரி வெள்ளை டீ-ஷர்ட், முதுகில் கடலைக் காக்கச் சொல்லி ஒரு வாசகம். முதலில் புகைப்படக்காரர் வந்தார், அப்புறம்தான் பிள்ளைகள் வந்தார்கள். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரைக் கொஞ்சம் நகர்ந்து உட்காரச் சொன்னார்கள். அவருக்குப் பின்னால் கிடந்த குப்பை படத்தில் சரியாக விழவில்லையாம். பிளாஸ்டிக்கைப் பொறுக்கினார்கள், சாக்கில் போட்டார்கள், சாக்கோடு நின்று சிரித்தார்கள், படம் திருப்தியாக வந்ததும் சாக்கை அப்படியே விட்டுவிட்டு ஏ.சி. ஓடிக்கொண்டிருந்த காரில் ஏறிக்கொண்டார்கள். டிரைவர்தான் இறங்கி வந்து சாக்கைத் தூக்கினார். குப்பைத்தொட்டி எங்கே என்று பெரியவரிடம் கேட்டார். "இங்க ஏதுப்பா தொட்டி" என்றார் அவர். அந்தப் பெரியவர் இந்நேரம் மாசசூசெட்ஸிலோ கலிபோர்னியாவிலோ ஓர் அட்மிஷன் அதிகாரியின் மேசைக்குப் போய்ச் சேர்ந்திருப்பார், ஒரு பதினேழு வயது நிறுவனர் திருத்தியமைத்த வாழ்க்கைகளில் ஒன்றாக. அந்தக் குப்பத்துப் பிள்ளைகள் பிளஸ் டூ முடித்து எங்கே போகிறார்கள் என்பது விண்ணப்பத்தில் இருக்காது. அதற்குக் கட்டம் இல்லை.

பிறகு கட்டுரை. அமெரிக்கக் கல்லூரிகளுக்குப் பொதுவாக விண்ணப்பிக்கிற 'காமன் ஆப்' படிவத்தில் 650 சொற்களுக்குள் தன்னைப் பற்றி எழுத வேண்டும். நீ சந்தித்த தோல்வி என்ன, அதிலிருந்து என்ன கற்றாய் என்பது அதில் ஒரு தலைப்பு. பிறந்ததிலிருந்து தோல்வி பக்கத்தில் வராமல் வேலி போட்டு வளர்த்த பிள்ளைக்கு இப்போது அவசரமாக ஒரு தோல்வி தேவைப்படுகிறது. அதற்கும் ஆள் இருக்கிறார், மணிக்கணக்கில் கட்டணம். துயரத்தில் பாட்டி சாவுக்கு எப்போதும் மவுசு உண்டு. கட்டுரையில் பாட்டி கடைசி மூச்சு விடுகிறார், பேரன் அந்த விநாடியில் உயிரியல் படிக்க உறுதி பூணுகிறான். பாட்டி அடுத்த அறையில் சீரியல் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

பள்ளிகளையும் விட்டுவிட முடியாது. வகுப்பில் "உன் பேர் என்னடா?" என்று இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிற கெமிஸ்ட்ரி சார், 'என் நீண்ட ஆசிரியப் பணியில் இப்படியொரு மாணவனைக் கண்டதில்லை' என்று பரிந்துரைக் கடிதத்தில் கையெழுத்துப் போடுகிறார். கடிதத்தை எழுதிக்கொண்டு வந்தவன் அதே மாணவன்தான். தன்னைப் பற்றித் தானே புகழ்ந்து எழுதி, பெரியவர் ஒருவரின் கையெழுத்தை வாங்கி, அதைப் பெரியவரே எழுதியதாக அனுப்புவது எப்படி என்பதைப் பள்ளிக்கூடம் இலவசமாகக் கற்றுத் தருகிறது. பாடத்திட்டத்தில் இதைச் சேர்க்கவில்லையே தவிர, வேறு எந்தப் பாடமும் இவ்வளவு ஒழுங்காக நடப்பதில்லை.

1913 ஜனவரியில் மெட்ராஸ் துறைமுகக் கழகத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த ஒரு குமாஸ்தா கேம்பிரிட்ஜுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஆண்டுச் சம்பளம் இருபது பவுண்டு என்றார். பல்கலைக்கழகப் படிப்பு தனக்கில்லை என்றும் எழுதினார். கூடவே கணக்குகளை வைத்தார். வயதை மட்டும் இரண்டு வருஷம் குறைத்துச் சொல்லியிருந்தார், போகட்டும். ராமானுஜன் இன்றைக்கு நம் கன்சல்டன்சிப் படியேறினால் என்ன நடக்கும்? கும்பகோணத்திலும் கோட்டை விட்டு, பச்சையப்பன் கல்லூரியிலும் எஃப்.ஏ. தேறாதவர். "ப்ரொஃபைல் ரொம்ப வீக் சார்" என்று ஆரம்பித்து, கணக்கையெல்லாம் கிழித்துப் போட்டுவிட்டு, நாமக்கல் நாமகிரித் தாயாரின் மீது ஒரு லீடர்ஷிப் கட்டுரை எழுதிக் கையில் கொடுத்திருப்பார்கள்.

நடுத்தர வீட்டின் கதை வேறு. அங்கே அறக்கட்டளை தொடங்க நேரமும் கிடையாது, காரும் கிடையாது. பணத்துக்கே பொய் வேண்டியிருக்கிறது. பிரிட்டன் விதிப்படி, முதல் ஆண்டுக் கட்டணத்தில் இன்னும் கட்டாத பாக்கியும், ஒன்பது மாதம் தங்கிச் சாப்பிடும் செலவும் வங்கிக் கணக்கில் தொடர்ந்து 28 நாள் இருந்தாக வேண்டும். ஒரு நாள் குறைந்தாலும் விசா போச்சு. அவ்வளவு பணம் சும்மா கிடக்கிற சேமிப்புக் கணக்கு நம் தெருவில் எத்தனை வீட்டில் இருக்கிறது? அதற்காகத்தான் ஃபைனான்ஸ்காரர். நம்பரைக் கன்சல்டன்சியே தரும். லட்சத்துக்கு இவ்வளவு என்று வட்டியை முன்னாலேயே கழித்துக்கொண்டு, கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலைகளை வாங்கி வைத்துக்கொண்டு, பணத்தைக் கணக்கில் ஏற்றிவிடுவார். அப்பா ராத்திரி ராத்திரி பேங்க் ஆப்பைத் திறந்து பார்ப்பார். அவ்வளவு பூஜ்யங்களை அவர் தன் பேருக்கு நேரே பார்த்ததில்லை. 28 நாள் பணக்காரர். 29-ஆம் நாள் காலையில் பணம் வந்த வழியே போய்விடும், ஹீத்ரோவில் இறங்கப் போகிற பிள்ளைக்கு அதற்குக் கட்டிய வட்டி மட்டும்தான் சொந்தம்.

வட்டிக்காரர் வேண்டாம், முறையாக வங்கியில் வாங்குவோம் என்று நினைக்கிற நாணயஸ்தர்களும் உண்டு. ஏழரை லட்சம் ரூபாய் வரை ஈடில்லாமல் கடன் தர வழி இருக்கிறது. வெளிநாட்டுப் படிப்புக்கு அது ஒரு வருஷக் கட்டணத்துக்கே காணாது. அதற்கு மேல் போனால் பொதுவாக ஈடு வேண்டும். விவசாய நிலத்தை வங்கி தொடாது, சர்ஃபேசி சட்டப்படி அதை ஜப்தி செய்ய முடியாது என்பதால். ஆகவே நிலத்தை விற்றுவிட்டு, குடியிருக்கிற வீட்டை வைக்க வேண்டும். மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, லீகல் ஒப்பீனியன் என்று அப்பா மூன்று மாதம் பத்திரப் பதிவு அலுவலகத்துக்கும் வங்கிக்கும் நடுவே செருப்பு தேய நடக்கிறார். ஆடிட்டர் குடும்பத்தின் சொத்து மதிப்புக்கு ஒரு சான்று தருவார். அம்மாவின் தோட்டிலிருந்து அத்தனையும் அதில் ஏறும். பாகப்பிரிவினை வழக்கில் இருபது வருஷமாக இழுத்துக்கொண்டிருக்கிற தாத்தா வீடு, சித்தப்பாவைக் கேட்காமலே முழுசாக நம் பேருக்கு வந்துவிடும். கோர்ட் வாசலில் மேசை போட்டிருக்கிற நோட்டரி வக்கீல் அதைப் படித்துப் பார்க்காமலே முத்திரை குத்துவார். படித்துப் பார்க்க வேண்டும் என்றால் கட்டணம் கூட ஆகும்போல.

இத்தனையிலும் பெரிய பாடம் விசா நேர்காணலுக்கான பயிற்சியில்தான் இருக்கிறது. அண்ணா நகரில் ஒரு கன்சல்டன்சி. கண்ணாடி அறைக்குள் ஒரு பெண் பிள்ளை, பிளஸ் டூ தேர்வு எழுதி ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. அப்பாவுக்குத் திண்டிவனம் பக்கம் அரிசி மண்டி. கவுன்சிலர் மேடம் அமெரிக்க அதிகாரியாக உட்கார்ந்திருந்தார்.

"எதுக்காகம்மா யூ.எஸ். போறே?"

"டேட்டா சயின்ஸ் படிச்சா அங்க நல்ல வேலை..."

"வேலைன்னு வாய் தவறியும் வரக் கூடாது பாப்பா. படிச்சு முடிச்சு என்ன பண்ணுவே?"

"ஊருக்கு வந்துருவேன் மேம்."

"வந்து?"

பிள்ளை முழித்தது. மேடமே எடுத்துக் கொடுத்தார்: "அப்பாவோட அக்ரோ கம்பெனியை டெவலப் பண்ணுவேன்னு சொல்லணும்." பிள்ளை அப்படியே திருப்பிச் சொன்னது. அரிசி மண்டி அந்த நிமிஷத்தில் அக்ரோ கம்பெனி ஆனது. எடைத் தராசுக்குப் பக்கத்தில் டேட்டா சயின்டிஸ்ட் ஒருத்தி உட்காரப் போகிறாள். எல்லாம் முடிந்ததும் அதுவரை ஓரமாக உட்கார்ந்திருந்த அப்பா எழுந்து வந்து கேட்டார்: "ஏன் மேடம், படிச்சு முடிச்சா அங்கயே எத்தன வருஷம் வேலை பாக்கலாம்?" "ஸ்டெம் கோர்ஸ் சார், மூணு வருஷம் ஓ.பி.டி. கெடைக்கும். அதுக்குள்ள ஹெச்-1பி போட்டுரலாம்." அதே அறை, அதே நாற்காலி, அதே மேடம். அந்தப் பிள்ளை இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தது. எந்தப் பதிலை மனப்பாடம் செய்ய வேண்டும், எதை நம்ப வேண்டும் என்று அதற்கு யாரும் சொல்லவில்லை.

அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் விண்ணப்பிக்கிற ஒவ்வொருவரையும் இங்கேயே தங்கிவிடத்தான் வருகிறாய் என்று வைத்துக்கொண்டே தொடங்குகிறது. அப்படியில்லை என்று நிரூபிப்பது மாணவர் பாடு. இதே அமெரிக்கா படித்து முடித்தவரை மூன்று வருஷம் வேலைக்கு வைத்துக்கொள்ளும் ஏற்பாட்டையும் செய்திருக்கிறது, அதைக் காட்டித்தான் அதன் கல்லூரிகள் ஆள் பிடிக்கின்றன. ஆக, கேட்கிறவருக்கும் தெரியும், சொல்கிறவருக்கும் தெரியும். 2025 ஜூனிலிருந்து பிள்ளையின் சமூக ஊடகக் கணக்குகளை எல்லாரும் பார்க்கும்படி திறந்து வைக்க வேண்டும் என்றும் உத்தரவு. பெற்ற தாயின் ஃபாலோ ரெக்வெஸ்ட்டை ஒரு வருஷமாகக் கிடப்பில் போட்டிருந்த பிள்ளை, வாஷிங்டனுக்காக இன்ஸ்டாகிராமைத் திறந்து போட்டது. இவ்வளவும் முடிந்தபின் பழவந்தாங்கலில் விசா கணபதிக்கு ஒரு சிதறு தேங்காய். பொய்ச் சாட்சிக்குப் பிள்ளையாரையும் இழுத்தாகிவிட்டது.

சரி, இவ்வளவு பாடுபடுகிற கன்சல்டன்சி நம்மிடம் என்ன வாங்குகிறது? "கவுன்சிலிங் ஃப்ரீ சார், அப்ளிகேஷனும் ஃப்ரீ." நட்சத்திர ஹோட்டலில் கண்காட்சி, உள்ளே நுழைந்தால் டீ, சமோசா, துணிப்பை, கையோடு 'ஸ்பாட் ஆஃபர்'. தமிழனுக்கு இலவசம் என்றால் கேள்வி கேட்க வராது என்பது அரசியல்வாதிகளுக்கு மட்டும் தெரிந்த ரகசியம் அல்லவே. இதில் பணம் கடல் கடந்து வருகிறது. சேர்த்துவிட்ட ஒவ்வொரு தலைக்கும் முதல் ஆண்டுக் கட்டணத்தில் இத்தனை சதவீதம் என்று கல்லூரி ஏஜென்ட்டுக்குக் கமிஷன் தருகிறது. அந்தக் கட்டணம் நம் மூலப்பத்திரத்திலிருந்து போனது. அமெரிக்க அரசின் மாணவர் நிதியுதவியில் பங்கு பெறும் கல்லூரிகள் உள்ளூர் மாணவரைத் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் கொடுத்துச் சேர்ப்பதை அந்நாட்டுச் சட்டம் தடுக்கிறது. பிள்ளைகளை ஏமாற்ற வழியாகும் என்பதுதான் காரணம். அதே சட்டத்தில் ஒரு விலக்கும் இருக்கிறது, வெளிநாட்டில் இருக்கும் வெளிநாட்டு மாணவருக்கு. தன் வீட்டுப் பிள்ளையை ஏமாற்றக் கூடாது, திண்டிவனத்துப் பிள்ளை என்றால் பரவாயில்லை என்று எழுத்திலேயே வைத்திருக்கிறார்கள். அவ்வளவு நேர்மை நம்மூர் ஏஜென்ட்டிடம்கூட இல்லை.

இதனால்தான் கமிஷன் இல்லாத ஊருக்கு இவர்களுக்கு வழி தெரியாது. ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் வெளிநாட்டு மாணவருக்கும் கல்விக் கட்டணம் கிடையாது. பிளஸ் டூ முடித்து நேராகப் போகிற நம் பிள்ளை பொதுவாக ஒரு வருஷம் 'ஸ்டூடியன்கோலெக்' என்ற ஆயத்த வகுப்பு படிக்க வேண்டும், ஜெர்மன் கற்க வேண்டும். கஷ்டம்தான், ஆனால் வீடு தப்பிக்கும். இதைக் கேட்டால் மேடம் முகம் சுருங்கும். "அதெல்லாம் ரொம்ப லேட் ஆகும் சார்" என்று பெர்லினில் இருக்கிற ஒரு தனியார் கல்லூரியின் வழவழப்பான புத்தகத்தை எடுத்து நீட்டுவார். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி. போன்ற சில இடங்கள் சேர்த்துக்கொண்ட மாணவர் எந்த நாட்டுக்காரர் ஆனாலும் வீட்டு வருமானத்துக்கு ஏற்ப உதவித்தொகை தருகின்றன. அங்கே இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு, மறுக்கவில்லை. ஆனால் இந்தத் தகவல் கண்காட்சித் துண்டறிக்கை எதிலும் அச்சாவதில்லை. நம் அரசு? மத்திய அரசின் தேசிய அயலகக் கல்வி உதவித்தொகை முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும்தான். பள்ளி முடித்த ஏழைப் பிள்ளைக்கு அயலகம் வேண்டுமென்றால் முதலில் இங்கே ஒரு பட்டம் வாங்கிவிட்டு வரட்டும் என்று டெல்லி சொல்கிறது.

எம்.பி.பி.எஸ். கதைக்கு வந்தால் சிரிப்பு நின்றுவிடும். நீட்டில் தகுதி மதிப்பெண்ணைத் தொட்டும் இங்கே இடம் கிடைக்காத பிள்ளையின் வீட்டுக்கு, முடிவு வந்த அன்றே போன் வரத் தொடங்கும். நம்பர் எங்கிருந்து போனது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ஜார்ஜியா, உஸ்பெகிஸ்தான், பிலிப்பைன்ஸ், ரஷ்யா. 2021 நவம்பரில் வந்த தேசிய மருத்துவ ஆணைய விதி, படிப்பு குறைந்தது 54 மாதம் இருக்க வேண்டும், அதே கல்லூரியில் 12 மாதம் பயிற்சி மருத்துவராக இருக்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்கிறது. பிலிப்பைன்ஸின் எம்.டி. படிப்பு 48 மாதம். 48, 54-ஐ விடச் சிறியது என்பது இரண்டாம் வகுப்புக் கணக்கு, அதற்குப் பிறகும் சேர்த்துவிட்டார்கள். படித்துவிட்டு வந்தால் எஃப்.எம்.ஜி.இ. என்கிற தகுதித் தேர்வு, 300-க்கு 150 எடுத்தால் தேர்ச்சி. 2024 ஜூன் பருவத்தில் எழுதியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்தான் தேறினார். மீதி நாலு பேரின் படம் எந்த ஏஜென்ட்டின் பிளெக்ஸிலும் இருக்காது. 2022 மார்ச் 1 அன்று கார்கிவில் சாப்பாட்டுச் சாமான் வாங்கப் போன கர்நாடக மாணவர் ஒருவர் ரஷ்யக் குண்டுவீச்சில் செத்தார். ஆயிரக்கணக்கான பிள்ளைகள் பதுங்கு அறைகளில் பிஸ்கட் தின்றுகொண்டு போலந்து எல்லைக்கும் ருமேனியா எல்லைக்கும் நடந்தார்கள். இங்கே ஏஜென்ட்டுகள் செய்த ஒரே வேலை, போர்டில் உக்ரைன் என்று இருந்த இடத்தில் வேறு நாட்டுப் பெயரை ஒட்டியதுதான். பழைய ஸ்டிக்கரை முழுசாக உரிக்கக்கூட இல்லை.

கூப்பிட்ட நாடுகளின் யோக்கியதையையும் பார்த்துவிடலாம். இங்கிலாந்தில் உள்ளூர் மாணவரின் கட்டண உச்சவரம்பு 2017 முதல் 2025 வரை 9,250 பவுண்டிலேயே நின்றது. பல்கலைக்கழகங்களுக்கு அதனால் விழுந்த ஓட்டையை, உச்சவரம்பே இல்லாத நம் பிள்ளையின் கட்டணத்தால் அடைத்தார்கள். அடைத்துக்கொண்டே, 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கும் பட்டதாரிகள் படிப்பு முடிந்து அங்கே தங்கும் காலத்தை இரண்டு வருஷத்திலிருந்து பதினெட்டு மாதமாக வெட்டினார்கள். மூன்று வருஷப் படிப்புக்கு இப்போது விமானம் ஏறுகிற பிள்ளைகளுக்கு அதுதான் கணக்கு, கண்காட்சியில் இன்னும் இரண்டு வருஷம் என்றே சொல்கிறார்கள். ஆஸ்திரேலியா மாணவர் விசாக் கட்டணத்தை 2024 ஜூலையில் 710 டாலரிலிருந்து 1,600 ஆக்கியது, அடுத்த ஜூலையில் 2,000. விசா மறுத்தாலும் அந்தப் பணம் திரும்பாது. கதவைத் தட்டியதற்கு ஒரு லட்சத்துக்கு மேல்.

கனடாதான் உச்சம். 2023 முடிவில் பத்து லட்சத்துக்கு மேல் வெளிநாட்டு மாணவர்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு, வாடகை ஏறிவிட்டது என்று கூச்சல் போட்டது. கையில் காட்ட வேண்டிய வாழ்க்கைச் செலவுத் தொகையை 10,000 டாலரிலிருந்து 20,635 ஆக்கினார்கள். கூடவே எண்ணிக்கைக்கும் வரம்பு. கல்லூரிகள் நாய்க்குட்டிப் பண்ணை மாதிரி டிப்ளமோவைப் போட்டுத் தள்ளுகின்றன என்று சொன்னவர் வேறு யாருமில்லை, அந்நாட்டின் அப்போதைய குடியேற்ற அமைச்சர் மார்க் மில்லரே. உண்மைதான் ஐயா. அந்தப் பண்ணைகளுக்கு உரிமம் கொடுத்தது உங்கள் மாகாணங்கள், விசா கொடுத்தது உங்கள் துறை. போலிச் சேர்க்கைக் கடிதத்தோடு ஏஜென்ட் அனுப்பிவைத்த பஞ்சாப் பிள்ளைகளை, கடிதம் போலி என்று வருஷங்கள் கழித்துக் கண்டுபிடித்து 2023-இல் நாடு கடத்தப் பார்த்தீர்கள். அந்தக் கடிதத்தைப் பார்த்து முதலில் விசா முத்திரை குத்திய அதிகாரியை யாராவது தேடினீர்களா?

வருகிற ஞாயிற்றுக்கிழமையும் ஏதோ ஒரு ஹோட்டலில் கண்காட்சி இருக்கும். போங்கள், பிள்ளையையும் கூட்டிப் போங்கள், சமோசாவும் சாப்பிடுங்கள். மேடம் லேப்டாப்பைத் திருப்பும்போது ஒன்றே ஒன்று கேளுங்கள்: "இந்தக் காலேஜ்ல எம் பொண்ணச் சேத்துவிட்டா உங்களுக்கு எவ்வளவும்மா வரும்?" உடனே இன்னொரு டீ வரும். மேனேஜர் வருவார். அது கம்பெனி பாலிசி, சொல்லக் கூடாது என்பார். எழுந்துவிடாதீர்கள். ஒரு வெள்ளைத்தாளை நீட்டி, தொகையைப் போட்டுக் கையெழுத்தும் போட்டுத் தரச் சொல்லுங்கள். ஊரார் பாட்டியையெல்லாம் 650 சொல்லில் கொன்று எழுதுகிறவர்கள், ஒரு வரி எழுத மாட்டார்களா என்ன?